பவுத்திரமும் உயிர்ப்பொருள் மருத்துவமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்

நோய்களுள் சில ஊரறியப் பேசப்படுபவை. சில ஒளித்து வைக்கப்படுபவை. காய்ச்சலில் படுத்தவரைக் காண உறவினர் பழம் வாங்கிக்கொண்டு வருவர். சர்க்கரை நோய் உள்ளவர் கல்யாணப் பந்தியிலேயே அதைச் சொல்லிப் பாயசத்தை மறுப்பார். ஆனால், ஆசனவாய் அருகே புண் வந்து சீழ் வடிகிறது என்பதைக் கட்டிய மனைவியிடம் சொல்லவும் தயங்குவோர் பலர். பெண்களாயின் தயக்கம் இன்னும் மிகுதி. இவ்வாறு மறைக்கப்படும் நோய்களுள் ஒன்றே பவுத்திரம். ஆயுர்வேத நூல்கள் இதனைப் பகந்தரம் என்றும், மேனாட்டு மருத்துவர் ஃபிஸ்டுலா என்றும் கூறுவர். உயிர்களின் உடலிலிருந்து பெறும் பொருள்களைக் கொண்டு இந்நோயைத் தீர்க்க மருத்துவ உலகம் செய்துவரும் முயற்சிகளையும், அவை எந்த அளவுக்குப் பயன் தந்தன என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்படி ஒரு பொருளைக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதலாமா என்று நண்பர் சிலர் கேட்டனர். விலங்கியல் படிப்பவனுக்கு உடலில் உயர்ந்த உறுப்பு, தாழ்ந்த உறுப்பு என்ற வேறுபாடு இல்லை. வேறொரு காரணமும் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே மருந்துச் சீட்டு, இரத்தப் பரிசோதனை அறிக்கை, எது வந்தாலும் "தம்பி, இதைப் படிச்சுச் சொல்லு" என்று என் கையில் கொடுத்துவிடுவர். சித்தப்பா முறையுள்ள ஒருவர் நான்கு ஆண்டுகள் இந்நோயை மறைத்து வைத்திருந்து, சென்ற ஆண்டுதான் அறுவை மருத்துவரிடம் போனார். அங்கே பசை என்றும் அடைப்பான் என்றும் சில முறைகளைச் சொல்லியிருக்கிறார்கள். "விலை கூடுதலா இருக்கே தம்பி, விலைக்கேத்த பலன் இருக்குமா?" என்பது அவர் கேள்வி. அதற்கு விடை தேடிப் படித்தவையே இங்குத் தொகுத்துத் தரப்படுகின்றன.

நோய் பிறக்கும் இடம்

ஆசனவாய்க் கால்வாய் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமே உடையது. அதன் உட்புறத்தில், பல் வரிசை போல் வளைந்து வளைந்து செல்லும் ஒரு கோடு உண்டு. அக்கோட்டின் மீதுள்ள சிறு பள்ளங்களில் நுண்ணிய சுரப்பிகள் வந்து திறக்கின்றன. கால்வாயைச் சுற்றி இரண்டு வளையத் தசைகள் இருக்கின்றன. உள் சுருக்குத்தசை நம் விருப்பத்திற்குக் கட்டுப்படாது. தானே இறுகி நிற்கும். வெளிச் சுருக்குத்தசை நம் விருப்பத்திற்குக் கட்டுப்படும். மலத்தையும் வாயுவையும் வேண்டிய நேரம்வரை அடக்கி வைத்து, மனிதனை நாலு பேர் நடுவே மானத்தோடு இருக்கச் செய்பவை இவ்விரு தசைகளே.

மேற்சொன்ன சுரப்பிகளுள் ஒன்றின் வாய் அடைபட்டுக் கிருமிகள் பெருகினால், இரு தசைகளுக்கும் இடையே சீழ் தேங்கும். தேங்கிய சீழ் வழி தேடும். முடிவில் தோலைத் துளைத்துக்கொண்டு கட்டியாக உடையும். உடைந்தவுடன் வலி குறைவதால், நோய் தீர்ந்தது என்று நோயாளி மகிழ்வார். சிலருக்கு உண்மையிலேயே அத்துடன் தீர்ந்துவிடும். வேறு சிலருக்கோ உள்ளே ஒரு துளை, வெளியே ஒரு துளை, இரண்டையும் இணைக்கும் ஒரு சுரங்கம் என்று நிலைத்துவிடும். அந்தச் சுரங்கமே பவுத்திரம். வெளித்துளை சில வாரங்கள் மூடியிருக்கும், மீண்டும் வீங்கும், மீண்டும் உடையும்.

சுரப்பியே இந்நோயின் ஊற்று என்னும் கருத்தை, இலண்டன் செயின்ட் மார்க் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ் 1961-இல் திசு ஆய்வின் துணையோடு வலியுறுத்தினார். சுரங்கம் எந்தத் தசையை எப்படிக் கடக்கிறது என்பதைக் கொண்டு, 1976-இல் அவரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் பவுத்திரத்தை நான்கு வகைகளாகப் பிரித்தனர். அறுவை மருத்துவர்கள் இன்றும் அப்பிரிவையே அடிப்படையாகக் கொள்கின்றனர். காசநோயாலும், குடலைப் புண்ணாக்கும் குரோன் நோயாலும் பவுத்திரம் வருவதுண்டு.

இந்நோய் எத்தனை பேருக்கு வருகிறது? பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் எடுத்த கணக்கு 1984-இல் வெளியாயிற்று. ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் மக்களில் 8.6 பேர் என்பது அக்கணக்கு. ஆண்களில் 12.3, பெண்களில் 5.6. ஆண்களுக்கு இரு மடங்குக்கும் மேல் என்பது நோக்கத்தக்கது.

கையில் கத்தி பட்ட காயம் பத்து நாளில் ஆறிவிடுகிறது. இச்சுரங்கம் மட்டும் ஆண்டுக்கணக்கில் ஆறாதது ஏன்? காரணங்கள் மூன்று. முதலாவது, உள்துளை வழியே குடற்கிருமிகள் இடையறாது உள்ளே வந்துகொண்டிருக்கின்றன. இரண்டாவது, நாட்பட்ட சுரங்கத்தின் உட்சுவரில் அழற்சித் திசுவும், சில இடங்களில் தோல் போன்ற படலமும் படர்ந்துவிடுகின்றன. படலம் மூடிய இரு சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டா. மூன்றாவது, சுரங்கத்திலிருந்து கிளை பிரிந்து சீழ்ப்பைகள் மறைந்திருக்கலாம். ஊற்று, படலம், சீழ்ப்பை என்னும் இம்மூன்றையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் கூறப்போகும் ஒவ்வொரு முறையின் வெற்றியும் தோல்வியும் இவற்றையே பொறுத்தவை.

கத்தியும் அதன் இக்கட்டும்

பவுத்திர மருத்துவம் மிகப் பழமையானது. கிரேக்க நாட்டு ஹிப்பாக்ரடீஸ் பெயரால் வழங்கும் நூல்களில், குதிரை மயிர் சேர்த்த நூலைச் சுரங்கத்தினுள் கோத்து முடிச்சிடும் முறை கூறப்பட்டுள்ளது. நம் நாட்டுச் சுசுருத சங்கிதை இந்நோயை விரிவாகப் பேசுகிறது. பிரான்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு இந்நோய் வந்தபோது, சார்ல் ஃபிரான்சுவா ஃபெலிக்ஸ் என்னும் அறுவை மருத்துவர் இதற்கெனவே ஒரு கத்தியைச் செய்வித்து, 1686 நவம்பர் 18-ஆம் நாள் மன்னருக்கு அறுவை செய்து குணப்படுத்தினார். ஏழை நோயாளிகள் பலருக்குச் செய்து பழகிய பின்னரே அவர் மன்னர்மேல் கை வைத்தார் என்பர்.

ஏழைகளுக்கென்றே இந்நோய்க்கு ஒரு மருத்துவமனை பிற்காலத்தில் தோன்றியது. ஃபிரடெரிக் சால்மன் என்பவர் 1835-இல் இலண்டனில் ஏழே படுக்கைகளுடன் தொடங்கிய அம்மருத்துவமனையே பின்னர் செயின்ட் மார்க் எனப் பெயர் பெற்றது. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சுக்கு 1841-இல் பவுத்திர அறுவை செய்தவரும் இந்தச் சால்மனே. மயக்க மருந்து வழக்கிற்கு வராத காலம் அது என்பதை எண்ணிப் பார்த்தால் நோயாளி பட்ட பாடு விளங்கும்.

சுரங்கத்தை நீளவாக்கில் பிளந்து திறந்துவிடுவதே அன்று முதல் இன்றுவரை கைக்கொள்ளப்படும் எளிய அறுவை. சுரங்கம் தோலுக்கு அருகே, சிறிதளவு தசையை மட்டும் கடந்து செல்லுமானால், இம்முறையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணமாகிறது. சுரங்கம் ஆழமாகப் போய்த் தசையின் பெரும்பகுதியைக் கடந்து செல்லும்போதுதான் இக்கட்டு எழுகிறது. சுரங்கத்தைப் பிளந்தால் தசையும் அறுபடும். தசை அறுபட்டால் வாயுவும் மலமும் அடங்கா. சீழ் நின்றது, ஆனால் பேருந்தில் ஏறி வேலைக்குப் போக முடியவில்லை என்ற நிலை வந்தால் அதைக் குணம் என்று எவ்வாறு சொல்வது?

நோய் நீங்க வேண்டும். தசையும் பிழைக்க வேண்டும். தசையைத் தொடாமல் சுரங்கத்தை மட்டும் மூட வழி உண்டா என்று தேடியவர்களின் கண்ணில் பட்டவையே உயிர்ப்பொருள்கள்.

இரத்தம் தந்த பசை

இரத்தம் உறைதல் நம் பாடத்திட்டத்தில் உள்ள செய்தி. பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்னும் புரதத்தைத் திராம்பின் என்னும் நொதி வெட்டுகிறது. வெட்டுண்ட மூலக்கூறுகள் ஃபைப்ரின் இழைகளாக ஒன்றுசேர்கின்றன. கால்சியத்தின் துணையோடு பதின்மூன்றாம் உறைகாரணி அவ்விழைகளைக் குறுக்கே பின்னி இறுக்குகிறது. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்யும் இந்த வரிசையையே மருத்துவர்கள் பசையாக மாற்றினர். ஜே. இசட். யங், பீட்டர் மெடாவர் ஆகிய இருவரும் 1940-இலேயே, அறுந்த நரம்பு முனைகளை இரத்தப் பிளாஸ்மாவின் உறைவைக் கொண்டு ஒட்ட முடியும் என்று காட்டினர். மெடாவர் பிற்காலத்தில், 1960-இல், வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர்.

இப்பசை இரண்டு ஊசிக்குழல்களில் வருகிறது. ஒன்றில் ஃபைப்ரினோஜன், மற்றொன்றில் திராம்பினும் கால்சியமும். இரண்டும் ஒரே முனையில் கலந்து வெளிவரும்போது சில நொடிகளில் உறைகின்றன. சுரங்கத்தைச் சுரண்டித் துப்புரவாக்கி, இப்பசையால் நிரப்பிவிடுவர். தசையில் ஒரு கீறலும் இல்லை. உறைந்த இழைவலையின் மீது நாரரும்பு செல்கள் ஊர்ந்து வந்து புதுத்திசுவை உண்டாக்கும் என்பது எதிர்பார்ப்பு. மனிதப் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பதால் வைரசுகளை அழிக்கும் பக்குவங்கள் செய்த பின்னரே இது விற்பனைக்கு வருகிறது.

ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் 42 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2002-இல் வெளிவந்தது. எளிய பவுத்திரத்தில், பிளக்கும் அறுவை பெற்ற 7 பேரில் 7 பேரும் குணமாயினர். பசை பெற்ற 6 பேரில் 3 பேரே குணமாயினர். சிக்கலான பவுத்திரத்தில் நிலைமை தலைகீழ். பசை பெற்ற 13 பேரில் 9 பேரும், வழக்கமான மருத்துவம் பெற்ற 16 பேரில் 2 பேரும் குணமாயினர். எளிய நோய்க்குக் கத்தியே மேல், சிக்கலான நோய்க்குப் பசையை முயன்று பார்க்கலாம் என்பது இதன் கருத்து.

ஆயினும் மற்ற மருத்துவமனைகளில் இந்த வெற்றி சீராகக் கிட்டவில்லை. காரணம் நம் பாடத்திலேயே இருக்கிறது. உறைந்த ஃபைப்ரினைக் கரைக்கப் பிளாஸ்மின் என்னும் நொதி உடலில் உண்டு. புதுத்திசு வளர்ந்து முடியுமுன் பசை சில நாட்களிலேயே கரையத் தொடங்குகிறது. இருமினாலும் முக்கினாலும் வழுக்கி வெளியே வந்துவிடுவதும் உண்டு.

பன்றிக் குடல் தந்த அடைப்பான்

விரைவில் கரையாத, ஆனால் என்றென்றும் தங்கிவிடாத ஒரு பொருள் வேண்டும் என்ற தேவை இப்போது எழுந்தது. கொலாஜன் என்னும் புரதம் அதற்குத் தக்கதாக அமைந்தது. மூன்று சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்ட அமைப்புடையது கொலாஜன். தோல், எலும்பு, தசைநாண் யாவற்றிற்கும் உறுதி தருவது அதுவே. கொலாஜன் என்னும் கிரேக்கவழிச் சொல்லுக்குப் பசையை உண்டாக்குவது என்று பொருள். மருத்துவர்கள் நெடுங்காலம் தையலுக்குப் பயன்படுத்திய கேட்கட் நூலும் கொலாஜனே. பெயரில் பூனை இருந்தாலும், ஆடு மாடுகளின் குடலிலிருந்தே அந்நூல் செய்யப்பட்டது.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பேடிலாக் என்பவர் 1987-இல் ஒரு நாயின் பெருந்தமனியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அதன் சிறுகுடலையே குழாயாக அங்குப் பொருத்தினார். நாய் பிழைத்தது. குடலில் எந்தப் படலம் இந்த வேலையைச் செய்தது என்று ஆராய்ந்தபோது, உட்படலத்திற்கும் தசைக்கும் இடையிலுள்ள அடிப்படலமே அது எனத் தெரிந்தது.

கொத்தனார்கள் சுவர் எழுப்பச் சாரம் கட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். சாரம் வீடாகாது, வீடு எழும்வரை ஆட்கள் நிற்க இடம் கொடுக்கும், வேலை முடிந்ததும் போய்விடும். செல்கள் நீக்கப்பட்ட குடற்படலமும் அத்தகைய சாரமே. பன்றியின் சிறுகுடலிலிருந்து உட்படலத்தையும் தசையையும் வழித்து எடுத்துவிட்டு, மீதியுள்ள படலத்திலிருந்து செல்களையும் நீக்கிவிடுவர். நம் உடல் அயற்பொருள் என்று கண்டு எதிர்ப்பது பெரும்பாலும் செல்களையே. பாலூட்டிகளின் கொலாஜன் ஒன்றுக்கொன்று மிக ஒத்திருப்பதால் கொலாஜன் சட்டகத்தை உடல் பொறுத்துக்கொள்கிறது. நம் நாரரும்பு செல்களும் நுண்குழாய்களும் அதனுள் புகுந்து வளர, சில மாதங்களில் பன்றியின் கொலாஜன் கரைந்து நம் கொலாஜன் அவ்விடத்தை நிரப்பும்.

இப்படலத்தைச் சுருட்டிக் கூம்பு வடிவில் செய்ததே பவுத்திர அடைப்பான். உள்துளை வழியாக நுழைத்து இழுத்து, அகன்ற முனையை உள்துளையில் தைத்துவிடுவர். வெளித்துளையை மட்டும் இறுக மூடமாட்டார்கள். மூடினால் ஊறும் நீர் வடிய வழியின்றி மீண்டும் கட்டி உண்டாகும்.

அட்லாண்டா நகர மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட முதல் ஒப்பீடு பெருத்த நம்பிக்கை தந்தது. பசை பெற்ற 10 பேரில் 6 பேருக்கு நோய் நீடித்தது. அடைப்பான் பெற்ற 15 பேரில் 2 பேருக்கே நீடித்தது. ஆனால் நோயாளிகள் 25 பேரே. கவனித்த காலமும் சில மாதங்களே. பின்னர்ப் பிரிட்டனில் 304 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அடைப்பானும், மற்றொரு பிரிவுக்கு அந்தந்த அறுவை மருத்துவர் விரும்பிய வேறு முறையும் செய்து, ஓராண்டு கவனித்தனர். முடிவு 2019-இல் வெளியாயிற்று. அடைப்பான் பிரிவில் 54 விழுக்காட்டினர் குணமாயினர். மற்றப் பிரிவில் 55 விழுக்காட்டினர். செலவு மட்டும் அடைப்பானுக்குக் கூடுதல்.

அடைப்பான் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. தசையை அறுக்காமலே பாதிப்பேருக்கு மேல் குணமாவது சிறிய செய்தி அன்று. ஆயினும் பழைய முறைகளை வென்றுவிட்டது என்ற பேச்சுக்கு இடமில்லாமற் போயிற்று. பன்றியிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை முன்கூட்டியே நோயாளிக்குச் சொல்லி, அவருடைய சமய உணர்வை மதித்துச் சம்மதம் பெறுவதும் மருத்துவரின் கடமையாகும்.

கொழுப்பிலிருந்து எடுத்த செல்கள்

சாரத்தை மட்டும் கொடுத்தால் போதாது, வேலையாட்களையும் சேர்த்து அனுப்பலாமே என்ற எண்ணத்தின் விளைவே தண்டுசெல் மருத்துவம். ஸ்பெயின் நாட்டு அறுவை மருத்துவர் டாமியான் கார்சியா ஓல்மோவும் குழுவினரும், கொழுப்புத் திசுவிலிருந்து பிரித்து வளர்த்த செல்களைக் குரோன் நோயால் பவுத்திரமுற்ற ஒருவருக்குச் செலுத்திய செய்தி 2003-இல் வெளிவந்தது. இச்செல்கள் தாமே புதுத்திசுவாக மாறுவதைவிட, வேதிச் செய்திகளை வெளியிட்டு அழற்சியைத் தணிக்கின்றன என்றே அறிஞர்கள் கருதுகின்றனர்.

கொடையாளரின் கொழுப்பிலிருந்து வளர்த்த 12 கோடி செல்களைச் சுரங்கத்தைச் சுற்றிச் செலுத்தும் ஆய்வு, ஐரோப்பிய நாடுகளிலும் இஸ்ரேலிலுமாக 212 குரோன் நோயாளிகளிடம் நடந்தது. அதன் முடிவு 2016-இல் வெளியாயிற்று. 24 வாரங்களில், செல்கள் பெற்றவருள் 50 விழுக்காட்டினருக்கும், வெறும் உப்புநீர் பெற்றவருள் 34 விழுக்காட்டினருக்கும் குணம் தெரிந்தது. இவ்வேறுபாட்டை நம்பி ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இம்மருந்துக்கு அனுமதி அளித்தது. அதனினும் பெரிதாக மற்றோர் ஆய்வு நடத்தப்பட்டது. 2023-இல் அதன் முடிவு தெரிந்தபோது, செல்களுக்கும் உப்புநீருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2024 டிசம்பரில் அம்மருந்து ஐரோப்பியச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது.

கள்ளிப்பாலும் நாயுருவிச் சாம்பலும்

மேனாட்டு ஆய்வுக்கூடங்களைப் பேசும் நாம், நம் நாட்டு உயிர்ப்பொருள் ஒன்றை மறந்துவிடலாகாது. அதுவே காரநூல். வடமொழியில் க்ஷாரசூத்திரம் என்பர். கள்ளிப்பாலும் மஞ்சளும் ஊட்டிய நூலைப் பவுத்திரத்திற்குக் கட்டும் முறையைப் பதினொன்றாம் நூற்றாண்டினரான சக்ரபாணியின் நூல் கூறுகிறது. வழக்கொழிந்து கிடந்த இம்முறையை, 1960-களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பி. ஜே. தேஷ்பாண்டேயும் அவரைச் சேர்ந்தோரும் ஆராய்ந்து மீண்டும் வழக்கிற்குக் கொண்டுவந்தனர். நம் சித்த மருத்துவத்திலும் காரநூல் சிகிச்சை உண்டு.

செய்முறை இதுதான். ஆளிச்செடி நார் நூலைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, இலைக்கள்ளியின் பாலை 11 முறை பூசி, ஒவ்வொரு முறையும் உலர்த்த வேண்டும். பின் கள்ளிப்பாலுடன் நாயுருவிக் காரம் சேர்த்து 7 முறை. அதன்பின் கள்ளிப்பாலுடன் மஞ்சள்தூள் சேர்த்து 3 முறை. ஆக 21 பூச்சு. நாயுருவிச் செடியை எரித்த சாம்பலை நீரில் கரைத்து, வடித்து, வற்றக் காய்ச்சி எடுப்பதே நாயுருவிக் காரம். வேதியியல் மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தாவரச் சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் மிகுதி. அதன் கரைசல் காரத்தன்மை உடையது. கள்ளிப்பால் காரத்தை நூலில் ஒட்டவைக்கிறது. மஞ்சள் கிருமிகளைக் குறைக்கிறது.

இந்நூலைச் சுரங்கத்தில் கோத்து முடிச்சிட்டு, வாரம் ஒருமுறை மாற்றுவர். காரம் சுரங்கத்தின் கெட்ட படலத்தை அரிக்கிறது. நூல் சீழ் வடிய வழி விடுகிறது. அதே வேளையில் சிறிது சிறிதாகத் திசுவை அறுத்துக்கொண்டும் வருகிறது. பனிக்கட்டியின் மேல் எடை கட்டிய கம்பியைப் போட்டால், கம்பி கீழே இறங்க இறங்க மேலே பனி மீண்டும் உறைந்துவிடும் சோதனையை இயற்பியல் வகுப்பில் படித்திருக்கிறோம். காரநூலும் ஏறத்தாழ அவ்வாறே. நூல் முன்னே அறுக்க, பின்னே தழும்புத் திசு கூடிக்கொண்டு வருவதால், தசையின் முனைகள் விலகி ஓடுவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளில் நடத்திய குலுக்கல் முறை ஆய்வின் முடிவு 1991-இல் வெளிவந்தது. புண் ஆற அறுவைக்கு 4 வாரமும் காரநூலுக்கு 8 வாரமும் ஆயின. ஆனால் ஓராண்டில் நோய் திரும்ப வந்தது அறுவையில் 11 விழுக்காடு. காரநூலில் 4 விழுக்காடு. குறைகளும் இல்லாமல் இல்லை. எரிச்சல் உண்டு, வாராவாரம் மருத்துவமனைக்கு நடக்க வேண்டும், மிக ஆழமான சுரங்கத்தில் தசைக்குக் கேடு வராது என்று உறுதி கூறவும் இயலாது. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தேர்ந்த மருத்துவரிடமன்றி வீட்டில் எவரும் இதைச் செய்து பார்க்கலாகாது.

எண்கள் கற்பிக்கும் பாடம்

இந்த ஆய்வுகளைப் படித்தபோது என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது 34 என்னும் எண். வெறும் உப்புநீர் பெற்றவருள் மூன்றில் ஒருவர் குணமானது எப்படி? உப்புநீரில் மருந்து ஏதுமில்லை. ஆனால் அவர்களுக்கும் மயக்கம் கொடுத்துச் சுரங்கத்தைச் சுரண்டித் துப்புரவு செய்தனர். நூல் இட்டுச் சீழை வடித்தனர். உள்துளையைத் தைத்து மூடினர். ஊற்றை அடைத்தல், படலத்தைச் சுரண்டுதல், சீழ்ப்பையை வடித்தல் ஆகிய மூன்றும் அங்கே நடந்துவிட்டன. செல்கள் பெற்றவருக்கும் இதே கவனிப்புத்தான். விலையுயர்ந்த செல்களின் பெயரில் வரவு வைக்கப்பட்ட வெற்றியில், மருத்துவரின் கை செய்த துப்புரவு வேலைக்கும் பெரும்பங்கு உண்டு.

பிரிட்டனின் 54-க்கும் 55-க்கும் பொருள் இதுவே. காரநூலின் வலிமையும், இடைவிடாமல் சீழை வடியவிட்டுப் படலத்தை அழிப்பதில் இருக்கிறது. தாய்லாந்தின் அருண் ரோஜனசகுல் 2007-இல் வெளியிட்ட முறையில் எந்தப் பொருளும் வைக்கப்படுவதில்லை. இரு தசைகளுக்கும் இடையே புகுந்து, சுரங்கத்தைக் கட்டி அறுத்து ஊற்றைத் துண்டித்துவிடுவதே அம்முறை. அதனாலும் பலர் குணமடைகின்றனர். ஆகவே உயிர்ப்பொருள்கள் பயிருக்கு இடும் உரம் போன்றவை எனலாம். களை எடுக்காத வயலில் எந்த உரமும் விளைச்சல் தராது.

இன்னொரு பாடமும் உண்டு. புதுமுறை எதுவாயினும், முதலில் சிலரிடம் செய்தபோது வியப்பூட்டும் பலன் தெரிகிறது. பலரிடம், நீண்ட நாள், ஒப்பிட்டுச் செய்யும்போது அது குறைகிறது. ஏமாற்று நோக்கம் எவருக்கும் இருக்க வேண்டியதில்லை. எளிய நோயாளிகளைத் தேர்ந்தெடுப்பதும், வெளித்துளை தற்காலிகமாக மூடியதைக் குணம் என்று எண்ணுவதும் போதும். பவுத்திரம் மூடித் திறக்கும் இயல்புடையது என்பதால் மூன்று மாதக் கணக்கை நம்புவதற்கில்லை.

பேருந்து நிலையச் சுவர்களில் "மூலம், பவுத்திரம் – அறுவையின்றி ஒரே நாளில் பூரண குணம்" என்ற விளம்பரங்களை நாள்தோறும் காண்கிறோம். 304 பேரை ஓராண்டு கவனித்தவர்கள் 54 விழுக்காடு என்று சொல்கிறார்கள். ஒருவரையும் திரும்பிப் பார்க்காதவர்கள் நூறு விழுக்காடு என்று எழுதுகிறார்கள். நோயை வெளியே சொல்ல வெட்கப்படுபவர்களே இச்சுவரொட்டிகளுக்கு இரையாகின்றனர். பெயர் கேட்காத இடம், தெரிந்தவர் வராத சந்து என்று தேடிப் போய், முறையாகப் படிக்காதவர் போடும் ஊசியால் சுரங்கத்தைப் பெரிதாக்கிக்கொண்டு திரும்புகின்றனர். வெட்கத்திற்குக் கொடுக்கும் விலை தசையாகவும் போகலாம்.

நாம் செய்யத்தக்கவை

நாம் மருத்துவர்கள் அல்லோம். ஆனால் படித்தவர்கள் என்று நம்மை நம்பிக் கேட்கும் குடும்பங்கள் நமக்குப் பின்னால் இருக்கின்றன. ஆசனவாய் அருகே கட்டி வந்து உடைந்து, மறுபடி மறுபடி நீர் கசிகிறது என்று எவராவது தயங்கித் தயங்கிச் சொன்னால், சிரிக்காமல் கேட்போம். எல்லாமே மூலம் என்று எண்ணிக் களிம்பு வாங்கிப் பூச வேண்டா என்போம். அரசு மருத்துவமனையின் அறுவைப் பிரிவுக்கோ, தகுதி பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடமோ உடன் சென்று காட்டுவோம். பெண் மருத்துவர் இருக்கும் நாளை விசாரித்து வைத்துக்கொண்டால் நம் வீட்டுப் பெண்களுக்குப் பேருதவியாகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. சுரங்கம் எவ்வளவு தசையைக் கடந்து போகிறது? எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்க்க வேண்டிய அளவுக்குச் சிக்கலானதா? நீங்கள் சொல்லும் பொருள் எந்த உயிரிலிருந்து வருகிறது; அதை வைக்காமல் செய்யும் முறையோடு ஒப்பிட்டால் எத்தனை பேருக்குக் கூடுதலாகக் குணமாகிறது? ஓராண்டு கழித்து நோய் திரும்பினால் அடுத்து என்ன வழி? நல்ல மருத்துவர் எவரும் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளமாட்டார்.

என் உறவினருக்கு இக்கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அவருடைய சுரங்கம் தோலுக்கு அருகே செல்லும் எளிய வகை என்று பரிசோதனையில் தெரியவந்தது. விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவைப்படவில்லை; அரசு மருத்துவமனையில் பிளக்கும் அறுவை செய்தனர். இன்று அவர் நலமாக இருக்கிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருந்தால் நான்கு ஆண்டுத் துன்பம் மிஞ்சியிருக்குமே என்று இப்போது அவரே மற்றவர்களிடம் சொல்கிறார்.